பின்னால் கட்டிய கைகள்

காற்று மாதம், ஏழாம் நாள்

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. இதற்கு முன் ஆறு கடிதம் எழுதி ஆறையும் கிழித்துப் போட்டேன். ஆறிலும் முதல் வரியில் 'நலமா' என்று கேட்டிருந்தேன். உங்களை அந்த நிலைமையில் வைத்துவிட்டு நலமா என்று கேட்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது. அதனால் நலத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தைக்கிறாள், என்னோடு மட்டும் பேசுவதில்லை. நீங்கள் போய் நான்கு மாதம். சொல்ல வேண்டியதையெல்லாம் அலமாரியிடம் சொல்கிறாள். "அலமாரி, விளக்குக்கு எண்ணெய் தீந்துபோச்சு." நான் ஓடிப்போய் வாங்கி வருகிறேன். "அலமாரி, வாங்கிட்டு வந்தவங்க திரியை மறந்துட்டாங்க." கோபம் அதிகமானால் தையல் மெஷின் வேகமாக ஓடுகிறது. போன வாரம் ஒரே நாளில் பதினோரு சட்டை முடித்தாள்.

நடந்ததை ஒருமுறையாவது என் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். நரிக் குலத்தில் பிறந்தவனுக்கு வருஷத்துக்கு ஒரு வீட்டை ஏமாற்றும் உரிமை உண்டு. ஏமாந்த வீடு எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுச் சாப்பாடு போடும். பொழுது சாய்வதற்குள் பிடிபட்டால், எங்கள் வீட்டில் ஒருவர் மூன்று வருஷம் அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்ய வேண்டும். ஏமாற்றியவனை மட்டும் எடுக்க மாட்டார்கள். நரியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும்? நான் சோப்பு வீட்டுத் தலைவியின் சோப்பையே வாங்கி, பூப்போட்ட காகிதம் சுற்றி, கடல் கடந்து வந்த சோப்பு என்று அவர் முற்றத்திலேயே விற்றேன். அந்த வீட்டில் சோப்பு அறுக்கும் கம்பியில் ஒரு சின்ன வளைவு இருக்கிறதாம். கட்டிக்கு அடியில் ஒரு கோடு விழும். அவர் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். கல்யாணமாகி மூன்று மாதமே ஆன உங்கள் மகளைக் கேட்டார்கள். நீங்கள் முன்னால் வந்து நின்றீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஒரு வழி இருக்கிறது. எங்கள் குலத்தில் குழந்தைகளுக்குக் கூடத் தெரிந்த சட்டம்: கட்டுப்பட்டவர் சுமையை வீட்டுத் தலைவர் தன் கையால் தொட்டுத் தூக்கிவிட்டால் அந்த நொடியே கட்டு அறுந்துபோகும். தூக்க வைப்பதுதான் வித்தை. நீங்கள் என்ன சுமக்கிறீர்கள், எந்த வழியாக, தலைவி எங்கே நிற்பார் என்று மட்டும் எழுதுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை

*

காற்று மாதம், இருபத்தோராம் நாள்

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. ஆறைக் கிழித்தீர்கள், ஏழாவதையும் கிழித்திருக்கலாம். படகுக்காரருக்கு ஒரு நடை மிச்சம்.

'மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று போன முறையும் சொன்னீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்ட லட்சணத்தில்தான் நான் இங்கே இருக்கிறேன். உங்கள் வித்தை எதுவும் எனக்கு வேண்டாம்.

ஒரு மனுஷி எங்கே என்ன செய்கிறாள் என்று அவள் மகளுக்குத் தெரிய வேண்டும். அதற்காக மட்டும் எழுதுகிறேன். விடிவதற்கு முன் எழுந்து வாய்க்காலிலிருந்து தண்ணீர் எடுக்கிறேன். தோளில் ஒரு கழி, இரண்டு பக்கமும் வாளி. முப்பத்தெட்டுப் படி. பன்னிரண்டு நடை. பிறகு சாம்பல் மூட்டை. சாம்பலை ஊறவைத்து வடித்த காரத் தண்ணீரைக் கொப்பரையில் எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சுகிறோம். அது கையில் பட்டால் முதலில் வழவழவென்று இருக்கும், பிறகு தோல் உரியும். தையல் குலத்துக் கை இது. ஊசியைப் பிடித்தால் இப்போது இருப்பதே தெரியவில்லை. இதை மகளிடம் சொல்ல வேண்டாம்.

இந்தத் தெருவில் பதினொரு வீடு. ஆறு வீட்டில் கட்டுப்பட்டவர்கள் இருக்கிறோம். அந்த ஆறு வீட்டுத் தலைவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள். முதலில் திமிர் என்று நினைத்தேன். பயம் என்று அப்புறம் புரிந்தது. தவறி ஒரு கை நம் மூட்டையில் பட்டுவிட்டால் ஆள் போய்விடுமே. வந்த முதல் வாரம் படியில் சாம்பல் மூட்டையோடு சறுக்கி விழுந்தேன். தலைவி இரண்டு படி மேலே நின்றார். குனியவில்லை. கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் சாம்பலை அள்ளி முடிக்கும்வரை அங்கேயே நின்றார். அன்று அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுங்கள். வாங்காவிட்டால் அலமாரியிடம் படித்துக் காட்டுங்கள். கையைப் பற்றி எழுதியதை விட்டுவிட்டுப் படியுங்கள்.

அத்தை

*

பனி மாதம், இரண்டாம் நாள்

அத்தைக்கு,

அலமாரியிடம் படித்தேன். கையைப் பற்றிய இடம் வந்ததும் தாண்டினேன். எனக்குப் படித்து ஏமாற்றத் தெரியவில்லை போலிருக்கிறது. மெஷின் நின்றுவிட்டது. "அலமாரி, நடுவுல ஏதோ விட்டுப்போச்சு" என்று சத்தம் வந்தது. முழுவதும் படித்தேன். மன்னித்துவிடுங்கள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை, நானும்.

வித்தை வேண்டாம் என்றீர்கள். ஒருமுறை மட்டும் கேளுங்கள். இரண்டு மாதம் யோசித்தது.

சோப்பு அறுக்கும் அந்தக் கம்பிச் சட்டத்தைத் தலைவியைத் தவிர யாரும் தொடக் கூடாது, இல்லையா? அது அவர் குலத்தின் மானம். அதை நீங்கள் ஒரு காலையில் சாம்பல் மூட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி மட்டும் வெளியே தெரியட்டும். தெருவில் நடங்கள். நான் வாய்க்கால் மேற்பார்வையாளர் வேஷத்தில் எதிரே வந்து, "அது என்ன, கீழ விழப்போகுது" என்று கத்துவேன். அவர் பார்ப்பார். கம்பிச் சட்டம் தெருவில் விழுவதைப் பார்த்துக்கொண்டு எந்தச் சோப்புக் குலத்தவரும் சும்மா நிற்க முடியாது. பாய்ந்து பிடிப்பார். மூட்டையோடு பிடிப்பார். தெருவே சாட்சி.

இதை அலமாரியிடம் நடித்துக் காட்டினேன், வேஷத்தோடு. கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இருமல் மாதிரி மாற்றிவிட்டாள். ஆனாலும் சிரிப்புதான் அத்தை. ஆறு மாதத்துக்குப் பிறகு.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த படகில் வருகிறேன்.

மாப்பிள்ளை

*

பனி மாதம், பத்தொன்பதாம் நாள்

மாப்பிள்ளைக்கு,

வர வேண்டாம். இந்த முறை கோபத்தில் எழுதவில்லை. உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

மழை மாதம் ஆறாம் நாள் கொப்பரை மூடியைத் தூக்கும்போது என் வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. மறுநாள் விடியலில் கழியைத் தோளில் வைத்தேன். வலதுபக்க வாளி படியில் இடித்துக்கொண்டே வந்தது. பாதி வழியில் சுவர் திரும்பும் ஓரிடம் உண்டு. மேலேயிருந்தும் தெரியாது, கீழேயிருந்தும் தெரியாது. அங்கே தலைவி நின்றிருந்தார். கையை முன்னால் கொண்டுவந்து வாளியைப் பிடித்தார்.

நான் பதறிப்போய்விட்டேன். "தொடாதீங்க. கட்டு அறுந்துடும்" என்றேன். அவருக்கு நல்லது சொல்கிறேனா, எனக்குக் கெட்டது சொல்கிறேனா என்று கூடத் தெரியவில்லை.

"யார் பாத்தாங்க? உங்க மாப்பிள்ளையா?" என்றார். "கழியை விட்டுட்டு அந்த வாளியை மட்டும் எடுத்துக்குங்க. வழுக்கும், பாத்து வாங்க."

அன்று பன்னிரண்டு நடையும் அந்தத் திருப்பத்திலிருந்து அவர் ஒரு வாளி, நான் ஒரு வாளி. மேலே வெளிச்சத்துக்கு வரும்போது வாளியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். மணிக்கட்டு சரியாகி வெகுநாள் ஆகிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. ஒருநாள் கேட்டேன், "ஏன் இதெல்லாம்?" என்று. "அன்னிக்கு நீங்க சாம்பலை அள்ளினீங்க. நான் நின்னு பாத்துட்டே இருந்தேன். அதுக்கப்புறம் ரொம்ப நாள் எனக்குச் சோறே இறங்கலை" என்றார். இருவரும் வாயாடிகள் இல்லை.

ஆக, நான் நாற்பத்துமூன்று நாளாக யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. வீட்டுத் தலைவர்கள் கூடும் சபையில் போய்ச் சொன்னால் போதும். தலைவியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். சபையில் பொய் சொன்னால் குலத்தைவிட்டே விலக்கிவிடுவார்கள். அவர் பொய் சொல்லவும் மாட்டார். அடுத்த படகில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

வர ஆசையில்லை என்று நினைக்காதீர்கள். மகளின் மெஷின் சத்தத்தை நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். போன வாரம் எங்கேயோ கதவு கிறீச்சிட்டது. அவள்தான் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது வயதில் பச்சைக் குழந்தை மாதிரி அழுதேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் போய்ச் சொன்னால் இந்தத் தெருவுக்கு என்ன தெரியும்? சோப்பு வீட்டுக்காரி பாவம் பார்த்தாள், ஆளை இழந்தாள். அவ்வளவுதான் தெரியும். எண்ணெய் வீட்டில் முட்டி தேய்ந்த ஒருவர் கட்டுப்பட்டிருக்கிறார். டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு அடிக்கு ஒருமுறை நிற்பார். என்றைக்காவது ஒருநாள் அவருக்கு ஒரு கை நீளும் என்றால், என்னால் அந்தக் கை நிரந்தரமாகப் பின்னால் போய்விடும். உங்கள் குலத்தில் அதற்குப் பெயர் வெற்றி. எனக்குத் தலைவியின் கையைப் பிடித்து நானே முறிப்பது போல.

மிச்சம் இரண்டரை வருஷம். இருந்துவிட்டு வருகிறேன். மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அத்தை

*

பனி மாதம், இருபத்துநாலாம் நாள்

அத்தைக்கு,

பக்குவமாகச் சொல்ல முடியவில்லை. அலமாரியிடம் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வந்து கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். என்னோடுதான். "தளிர் மாசம் முதல் நாள் அங்க சபை கூடுது. இந்தக் கடிதத்தை எடுத்துட்டுப் போய்க் காட்டப்போறேன்."

இத்தனை மாதம் அவள் பேச மாட்டாளா என்று ஏங்கியவன், முதல் பேச்சுக்கே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அத்தைக்கு அதில் விருப்பமில்லை என்றேன்.

"உங்களால போனவங்க. இப்ப யார் வீட்டு நியாயத்துக்கோ அங்கயே இருக்கணுமா? அவங்க கையில தோல் உரியுது. எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை அது" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், அவள் சொன்னதும் சரி, நீங்கள் எழுதியதும் சரி. இரண்டு சரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். அங்கே கொண்டுபோய்விட்டதும் நான்தான்.

கடைசியில் ஒன்று கேட்டேன். சபை கலைவதற்குள் நீங்கள் விடுபடாவிட்டால் அவள் கடிதத்தைக் காட்டட்டும், நானே அழைத்துப் போகிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வாய்ப்பு. ஒப்புக்கொண்டாள். கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்திருக்கிறாள். நான் மாற்றி வைத்துவிடுவேன் என்று பயம். நியாயமான பயம்தான்.

சபை கூடினால் நரிக் குலத்தான் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்பது வழக்கம், உங்களுக்குத் தெரியும். தலைவர்கள் எழுந்தோ உட்கார்ந்தோ பதில் காட்ட வேண்டும். போன வருஷம் என் மாமா 'மீசைக்கு மை பூசுகிறவர்கள் எழுந்திருங்கள்' என்று கேட்டு ஊரே ஒரு மாதம் சிரித்தது. இந்த முறை அந்தக் கேள்வியை எனக்குக் கொடுக்கச் சொல்லி எங்கள் குலத் தலைவர் காலில் விழுந்தேன். பிடிபட்ட நாளிலிருந்து என்னை அங்கே எல்லாரும் 'சோப்பு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "சோப்புக்கு இன்னொரு தடவை வழுக்கணுமாம்" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கொடுத்தார்கள்.

என்ன கேட்கப் போகிறேன் என்று எழுத மாட்டேன். கடிதம் யார் கையிலாவது சிக்கும். ஒன்றுமட்டும் சத்தியம். உங்களையோ, அந்த வீட்டையோ, வாளியையோ வாயில் எடுக்க மாட்டேன். யார் கையும் இதனால் பின்னால் போகாது என்று நம்புகிறேன். என் நம்பிக்கைக்கு இதுவரை நல்ல பெயர் இல்லை. அது எனக்கும் தெரியும்.

மாப்பிள்ளை

*

தளிர் மாதம், முதல் நாள்
படகுத்துறைக் கொட்டகை

அத்தைக்கு,

உங்களைப் பின்சுவர் ஓரத்தில் பார்த்தேன். இளைத்துவிட்டீர்கள். நீங்கள் என்னைப் பார்க்காத மாதிரி நின்றீர்கள். அதுவும் நல்லதற்குத்தான்.

கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியேற வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது. "கட்டுப்பட்டவரை வைத்திருக்கும் தலைவர்களில், அவர் சுமைக்கு இதுவரை ஒருமுறைகூடக் கை கொடுக்காதவர் எழுந்து நிற்கட்டும்" என்று கேட்டேன். கதவு வரைக்கும் நடந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெஞ்சு கூட அசைந்த சத்தம் இல்லை. சிரிப்பும் இல்லை. நரிக் கேள்விக்குச் சிரிப்பு வராமல் போனது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

சபை பொழுது சாயும்வரை நடக்கும் என்கிறார்கள். உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கை ரவிக்கைக்குள் கடிதத்தின்மேல் இருக்கிறது. படகுக்காரரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். என்ன ஆயிற்று என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

மாப்பிள்ளை

*

தளிர் மாதம், முதல் நாள், விளக்கு வைத்த பிறகு

மாப்பிள்ளைக்கு,

ஒரு வரியில் எழுத முடியாது. படகுக்காரர் வாசலில் நிற்கிறார். நிற்கட்டும்.

நீங்கள் கேட்டதும் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எழுந்து நிற்பது சுலபம், நிமிர்ந்து நிற்கலாம் என்றுதான் தலைவி தவிர ஐந்து பேரும் நினைத்திருப்பார்கள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெருமை அதுதானே. ஆனால் பெண்டாட்டி, பிள்ளை, பக்கத்துத் தெரு எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'நான் ஒருநாளும் ஒரு மனுஷருக்குக் கை கொடுத்ததில்லை' என்று எழுந்து நிற்க வேண்டும். முதலில் யார் எழுவார் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவி எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. விளக்குத் திரி வீட்டுக்காரரும் அசையவில்லை, காது மட்டும் சிவந்தது. அவரும் என்னவோ செய்திருக்கிறார். எண்ணெய் வீட்டுக்காரர் பாதி எழுந்தார். சுற்றிப் பார்த்தார். ஒருவரும் எழவில்லை. வேட்டியைச் சரி செய்கிற மாதிரி செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சபை எழுத்தர் இருக்கிறாரே, அந்தச் சிரிக்காத மனுஷர், எழுதியதை அப்படியே வாசித்தார். "எழுந்தவர் யாருமில்லை. ஆகவே ஆறு பேரும் கை கொடுத்தவர்கள். ஆகவே ஆறு கட்டும் இல்லை." அப்போதுதான் அவர்களுக்கே உறைத்தது. ஒரே கூச்சல். ஆனால் எழுந்து, 'நான் கொடுத்ததில்லை' என்று கத்த இப்போதும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

உங்களைச் சாமர்த்தியக்காரர் என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. ஆனால் ஆறு பேரில் யார் உண்மையில் கை கொடுத்தவர், யார் வெட்கத்தில் உட்கார்ந்தவர் என்று இனி யாருக்கும் தெரியாது. தலைவியை மட்டும் பார்த்து யாரும் விரல் நீட்ட முடியாது. நான் பயந்தது அதற்குத்தான். அதை நீங்கள் மறக்கவில்லை.

எண்ணெய் வீட்டுக்காரர் சபை கலைந்ததும் என்ன செய்தார் தெரியுமா? சபையில் பொய்யாக உட்கார்ந்தவர் அல்லவா, குலத்தைவிட்டு விலக்கிவிடுவார்களே. பொய்யை மெய்யாக்கத் தெருவில் ஓடிப்போய், சேதி தெரியாமல் சுமந்து வந்த அந்த முட்டி தேய்ந்தவர் தோளிலிருந்து டின்னைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். சட்டையெல்லாம் எண்ணெய். "மெதுவா வாங்க, மெதுவா வாங்க" என்று அவரையே அதட்டிக்கொண்டு நடந்தார். இத்தனை மாதத்தில் அந்த முட்டி தேய்ந்தவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். இனி இந்தத் தெருவுக்குக் கட்டுப்பட்டு வருகிறவர்களுக்கு என்ன கதியோ, எனக்குத் தெரியாது. கை நீளுமா, இன்னும் இறுகுமா? நல்லதாக நடக்கட்டும்.

நான் வாய்க்கால் படியில் வெறுங்கையோடு ஒருமுறை ஏறிப் பார்த்தேன். பாதி வழியில் பார்த்தால் என் கை இரண்டும் தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டிருக்கின்றன. உடனே பிரித்துவிட்டேன். தலைவி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க மாப்பிள்ளை சோப்பு விக்கத்தான் லாயக்கில்லை" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்குத் தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

நீங்கள் பிடிபட்ட அன்று நான் முன்னால் வந்து நின்றது மகளுக்காக. உங்களுக்காக இல்லை என்று ஒவ்வொரு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறக்காமல் நின்றீர்களே, அன்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காகவும்தான் என்று இப்போது தோன்றுகிறது. இதை அலமாரியிடம் படிக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கிறவளிடம் படியுங்கள். அந்தக் கடிதத்தை இனி ரவிக்கைக்குள் வைத்திருக்க வேண்டாம், அடுப்பில் போடச் சொல்லுங்கள்.

துணியைக் கட்டிவிட்டேன். பெட்டி கனம்தான், தலைவி சோப்பாக அடுக்கிவிட்டார். விடிந்ததும் துறைக்கு வருகிறேன். படகில் ஏற்றும்போது முழுவதையும் பிடுங்கிக்கொள்ள வராதீர்கள், எனக்குப் பிடிக்காது. ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். இன்னொரு பக்கம் நீங்கள் பிடியுங்கள், மாப்பிள்ளை.

அத்தை